நான் எழுதிய பூச்சியம்

மகன்,

அன்று மீனவர் சங்கக் கட்டடத்தில் நீ பேசி முடித்து உட்கார்ந்தபோது நான் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. றஹீம் நானா பொய் சொல்லவில்லை என்பது ஒன்று. அவரைப் பொய்யராக்கிய அந்த ஒரு வரி நிரலை முதலில் எழுதியது நீ அல்ல, நான் என்பது மற்றது. இரண்டும் என் வாய்க்குள் இருந்தன. பெண்கள் பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அவற்றை விழுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் காலையில் உனக்கு இடியப்பம் கட்டித் தந்தேன். பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் திரும்பும் வரை கை காட்டினேன். கொழும்பில் பெரிய கம்பனி, பெரிய வேலை, நம் ஊர்க் கடலுக்காக நீ செய்த பெட்டியை இனி நூற்றுக்கணக்கில் செய்யப் போகிறார்கள். ஊரே உன்னை வாழ்த்தி அனுப்பியது. நானும் வாழ்த்தினேன். வாழ்த்தியவள்தான் இப்போது இதை எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை வெளியில் பேசுகிறவள் நான் அல்ல. பக்கத்து வீட்டுக்குக்கூட நான் என்ன வேலை செய்கிறேன் என்பது சரியாகத் தெரியாது. ஏதோ கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலேயே இருந்து செய்கிறாள், மிச்ச நேரம் புத்தகம் வாசிக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் நீ றஹீம் நானாவைப் பற்றிச் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னாய். அதற்கான பதிலை உன் போனுக்கு மட்டும் அனுப்பினால் அது நியாயமாகாது. ஆகவே இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும்.

வாசிக்கிறவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊரான சிலாவத்துறையில் கடலட்டை எடுக்கச் சுழியோடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போய்ப் பொறுக்கி வருகிறார்கள். ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி இருந்துவிட்டு மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் உண்டாகி ஆளை முடக்கிவிடும். நம் ஊரில் அப்படி முடங்கியவர்களை எல்லோருக்கும் தெரியும். அதைத் தடுக்கத்தான் என் மகன் ஒரு பெட்டி செய்தான். சுழியோடியின் இடுப்பில் ஒரு சென்சர், அதிலிருந்து மேலே படகுக்கு ஒரு நீண்ட வயர், படகில் பெட்டி. சென்சர் ஆழத்தை எழுத்தாக அனுப்பும். பெட்டி அதை எண்ணாக மாற்றி, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டும். நேரம் மிச்சம் இருந்தால் பச்சை விளக்கு, முடியப் போனால் சிவப்பு. ஆழம் பூச்சியம் என்று வந்தால் ஆள் நீர்மட்டத்துக்கு வந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, கணக்கை முதலிலிருந்து தொடங்கும். (மேலே வந்தவுடன் கணக்கை அழிக்கலாமா என்று ஒரு வைத்தியரிடம் நீ கேட்டிருக்க வேண்டும். அது தனிக் கோபம், அதை நேரில் வைத்துக்கொள்வோம்.) எட்டுப் படகுகளில் இந்தப் பெட்டி ஏறியது. முதலில் ஏறியது றஹீம் நானாவின் படகில். ஊரில் யாரும் நம்பாதபோது உன்னை நம்பித் தன் இடுப்பில் உன் சென்சரைக் கட்டிக்கொண்டவர் அவர்.

அவர்தான் ஒரு நாள் கடலிலிருந்து வந்து, படகை விட்டு இறங்க முடியாமல் அப்படியே இருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மன்னாருக்குக் கொண்டு போய், அங்கிருந்து அந்தக் குமிழ்களைக் கரைக்கிற அமுக்க அறை இருக்கிற தூரத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு வந்தார். பெட்டி கடைசி வரை பச்சையாகத்தான் இருந்தது என்று படகிலிருந்த நிசார் சொன்னான். நிசார் அவருடைய மச்சான், பன்னிரண்டு வருடமாக அவருக்காகப் படகில் இருப்பவன். அப்படியானால் பிழை எங்கே என்று கேட்கத்தான் சங்கம் கூட்டம் போட்டது. நீ பெட்டியின் மெமறி கார்ட்டிலிருந்து எண்களை எடுத்துக் கடதாசியில் அச்சிட்டுக்கொண்டு வந்தாய்.

நீ பேசியது ஒவ்வொரு சொல்லாக என் காதில் இருக்கிறது. "றஹீம் மாமா, நீங்க நடுவில மேல வந்திருக்கிறீங்க. ரெண்டு தரம் வந்திருக்கிறீங்க," என்றாய்.

"நான் மேல வரல்ல, மகன்."

"பெட்டியில கிடக்கு மாமா. பத்துச் செக்கனுக்கு ஒருக்கா எழுதுது. பதினெட்டு மீற்றர், பதினெட்டு மீற்றர், பிறகு பூச்சியம், பூச்சியம். பிறகு திரும்பப் பதினெட்டு. கொஞ்ச நேரத்தால இன்னொருக்காவும் அப்பிடித்தான். மேல வந்து போனபடியாத்தான் பெட்டி புதுசாக் கணக்குத் துவங்கியிருக்கு. மேல வந்தா அந்தச் சிலிண்டரோட திரும்ப இறங்கக் கூடாது எண்டு நான் எல்லாருக்கும் சொன்னனான்."

"பெட்டியில என்ன கிடந்தாலும் நான் கீழதான் இருந்தனான். அட்டை கூடுதலாக் கிடந்த இடம். அத விட்டுட்டு வந்து வானத்தப் பாத்திட்டுப் போக எனக்கென்ன விசரா?"

சிலர் சிரித்தார்கள். சங்கச் செயலாளர் சிரிக்காமல் சொன்னார்: "நானா, வயசு போகப் போக மறதி வாறதுதானே. கம்ப்யூட்டர் மறக்காது."

நிசார் எழும்பினான். "நான் படகில இருந்தனான். மச்சான்ட தலை மேல வரல்ல. வந்தா நான் காணமாட்டனா?"

"நீ போனைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பாய்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் பார்த்தேன்.

றஹீம் நானா கொஞ்ச நேரம் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. பெட்டி சொன்னாச் சரிதானே," என்றார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிதர், தன் உடம்பு எங்கே இருந்தது என்று தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சபையில் விட்டுக்கொடுத்தார். செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதினார்: அறிவுறுத்தலை மீறி இரண்டு தடவை மேலே வந்து இறங்கியதால் ஏற்பட்ட விபத்து. மற்ற ஏழு படகுகளும் பெட்டியைத் தொடர்ந்து பாவிக்கலாம் என்றும் எழுதினார். ஏழு படகுகள், மகன். அடுத்த கிழமை அந்த ஏழு பச்சை விளக்குகளையும் நம்பி ஆட்கள் இறங்கினார்கள்.

அந்தக் கடதாசி கை மாறிப் பெண்கள் பக்கமும் வந்தது. நான் வாசித்தேன். பதினெட்டு மீற்றரிலிருந்து பத்து விநாடிக்குள் மேலே வந்து, பத்து விநாடி நின்று, அடுத்த பத்து விநாடியில் திரும்பவும் பதினெட்டு மீற்றரில் நிற்க ஆளால் ஆகாது. ஓங்கில் மீனால் ஆகலாம். அதற்குக் கொஞ்சம் கீழே ஓரிடத்தில் தனியாக ஓர் ஒன்று இருந்தது. பதினெட்டு, ஒன்று, பதினெட்டு. பதினெட்டில் எட்டு வந்து சேராமல் போனால் மிஞ்சுவது அந்த ஒன்றுதான். நீ அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதற்கும் றஹீம் நானா மேல் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பாய். எனக்கு அந்தப் பூச்சியங்களைக் கண்டதுமே தெரிந்துவிட்டது. ஏனென்றால் அவை எனக்குப் பழக்கமானவை.

நீ பத்தொன்பது வயதில் இந்தப் பெட்டியைத் தொடங்கியபோது என் அறை வாசலில் நின்று, "உம்மா, எழுத்தை எண்ணாக்கிற உங்கட துண்டை எடுத்திட்டன்," என்றாய். எடு என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் குளிர் அறைக்காக நான் எழுதியது. வெப்பமானியிலிருந்து எழுத்து வரும், அதை எண்ணாக்க வேண்டும். எழுத்தே வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்கே வந்தது. வேலையை அடுத்த நாள் கொடுக்க வேண்டும். பூச்சியத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதி, அருகில் ஒரு குறிப்பும் வைத்தேன்: பிறகு திருத்த வேண்டும். குளிர் அறையில் பூச்சியம் வந்தால் யாரும் பயப்படுவதில்லை. ஆகவே யாரும் முறையிடவில்லை. ஆகவே நான் திருத்தவில்லை. அந்தக் குறிப்பு உன் பெட்டிக்குள் இன்றும் அப்படியே இருக்கிறது. பிறகு திருத்த வேண்டும். அதை நீ எத்தனை தடவை கடந்து போயிருப்பாய்?

இதைப் பற்றி நான் கோபப்படக் காரணம் இருக்கிறது, உனக்கு அது தெரியும். இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த காலம் உனக்கு ஆறு வயது. காணிப் பதிவுக்காக உன் மூத்த வாப்பாவோடு, என் வாப்பாவோடு, ஒரு கந்தோருக்குப் போனோம். நீ என் மடியில் இருந்து மேசை மணியை அடித்துக்கொண்டிருந்தாய். காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது, காணி எத்தனை பேர்ச் அளவு என்று வாப்பாவுக்குத் தெரியாது. இந்த மரத்திலிருந்து அந்த வாய்க்கால் வரை என்றுதான் தெரியும். "அப்ப தெரியாது எண்டு போடுங்கோ," என்றார் வாப்பா. எழுதிக்கொண்டிருந்தவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "தெரியாது எண்டு போட இதில இடமில்ல ஐயா. எண்தான் போடலாம்." போட்டார். பூச்சியம். நான்கு மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது, காணி அற்றவர் என்று. காணி எவ்வளவு என்று தெரியாத ஒருவர், அந்தப் படிவம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனவுடன் காணியே இல்லாதவர் ஆகிவிட்டார். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை வருடம் கத்தினேன் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்த எழுத்தரை நான் பேசாத பேச்சில்லை. அப்படிப் பேசியவள்தான் மூன்றாம் வருடம் ஒரு மேசையில் இருந்து, தெரியாது என்று போட இடமில்லாத ஒரு வரியை எழுதினாள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அவசரம், அவ்வளவுதான். அவருக்கும் அவசரமாகத்தான் இருந்திருக்கும்.

எழுத்தாக வருவதை எண்ணாக மாற்றுவது சின்ன வேலை என்று நிரல் எழுதுகிற நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். பெரிய விஷயங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், இதை ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகிறீர்கள். நாம் எழுதுகிற சி மொழியோடு வருகிற பழைய கட்டளை ஒன்று இருக்கிறது. எழுத்தைக் கொடுத்தால் எண்ணைத் தரும். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் எண்ணைத் தரும், பூச்சியத்தை. குப்பையைக் கொடுத்தாலும் பூச்சியம். பாதி எண்ணும் பாதிக் குப்பையுமாகக் கொடுத்தால் அந்தப் பாதியை முழு எண் என்று சொல்லித் தரும். ஒரு முகச்சுழிப்புக்கூட இருக்காது. அதே மொழியில், எந்த இடம் வரை வாசித்தேன் என்று விரல் வைத்துக் காட்டுகிற வேறு கட்டளையும் இருக்கிறது. விரல் தொடங்கிய இடத்திலேயே நின்றால் எண்ணே வரவில்லை. நடுவில் நின்றால் மிச்சம் குப்பை. கடைசி வரை போனாலும் வேலை முடியவில்லை, வந்த எண் நீ வைத்திருக்கிற இடத்துக்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும், அடங்காத எண்ணைத் திணித்தால் அது வேறோர் எண்ணாக, சிலவேளை கழித்தல் குறியோடுகூட வந்து நிற்கும். அடங்கினாலும், தொள்ளாயிரம் மீற்றர் என்று வந்தால் நம் கடலில் அப்படியோர் ஆழத்துக்கு யார் இறங்குவார் என்று கேட்க வேண்டும். இவ்வளவையும் கேட்ட பிறகும் விடையையும், விடை கிடைத்ததா என்பதையும் வேறு வேறாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே பாத்திரத்தில் இரண்டையும் ஊற்றினால் கடைசியில் குடிக்கிறவனுக்கு எது எது என்று தெரியாது. எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து வரி. ஒரு மனிதரின் கால்களை வைத்துப் பார்த்தால் அது அதிகமா?

என்னை எரிக்கிறது என்னவென்றால், நீ வருமுன் அந்தப் படகுகளில் இதைவிட நல்ல முறை இருந்தது. உனக்கும் அது தெரியும், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். சுழியோடியின் இடுப்பில் கயிறு. மேலே இருக்கிறவர் இடைக்கிடை ஒரு தரம் இழுப்பார், நலமா என்று அர்த்தம். கீழே இருக்கிறவர் ஒரு தரம் இழுத்தால் நலம். பதில் வராவிட்டால் இன்னொரு தரம் இழுப்பார். மூன்றாவது இழுப்புக்கும் பதில் இல்லையென்றால், ஒன்றும் யோசிக்காமல் ஆளை மேலே தூக்குவார். கயிறு எங்கோ பாறையில் மாட்டியிருக்கலாம், ஆள் அட்டை பொறுக்குகிற கவனத்தில் இருந்திருக்கலாம், தூக்கி எடுத்தவுடன் நல்ல ஏச்சும் கிடைக்கலாம். அதெல்லாம் பிறகு. பதில் இல்லாததை நலம் என்று எடுத்துக்கொண்ட ஒருவர்கூட அந்தப் படகுகளில் இருந்ததில்லை. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாதவர்கள் கையால் செய்த அந்த வேலையை, நானும் நீயும் படித்த படிப்பையெல்லாம் வைத்துக்கொண்டு கெடுத்தோம். பெட்டி வந்த பிறகு, "திரையில எல்லாம் தெரியுது, கயிறு என்னத்துக்கு?" என்று நீதான் கேட்டாய். நிசார் கயிற்றைச் சுருட்டிப் படகின் முன்பக்கம், அணியத்தில் போட்டான்.

கூட்டம் முடிந்த அன்று பின்நேரம் வீட்டில் உன்னிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். அந்த எண்களைத் திரும்பப் பார்த்தியா என்று. நீ உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாய்: "டேட்டா பொய் சொல்லாது உம்மா. அவங்கதான் பிளக்கை நல்ல தண்ணியில கழுவிறதில்ல. நான் எத்தின தரம் சொன்னனான்." நான் அந்த இடத்தில் உன்னை உலுக்கியிருக்க வேண்டும். வயரின் பிளக்கில் உப்பு ஏறும், உப்பு ஏறினால் எழுத்து வந்து சேராது என்பது உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் அந்த மனிதரிடம், நீ மேலே வந்தாய் என்று சொன்னாய். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க உனக்கு மனம் வரவில்லை. பெட்டி உன்னுடையது, கடல் அவர்களுடையது, ஆகவே பிழை கடல் பக்கம் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் வேலை செய்கிறவர்கள் பிளக்கை மறக்காமல் கழுவினால்தான் உண்மை சொல்லும் என்றால், அந்தப் பெட்டியை யாருக்காகச் செய்தாய்?

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்கலாம். உன் வாழ்த்துக் கூட்டமும் அதுதான் என்பது ஒரு காரணம். பழம், கேக், பொன்னாடை எல்லாம் மேசையில் இருந்தன. அந்த வரி என்னுடையது என்று சொன்னால், உன் பெயரோடு என் பெயரும் கெடும் என்பது இன்னொரு காரணம், அதுதான் பெரிய காரணம். இருபது வருடமாக யாரும் கவனிக்காத மாதிரி வாழ்ந்து பழகியவள் நான். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, உன் வாப்பா கட்டாருக்குப் போன பிறகு உன்னைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே இந்த வேலையைப் படித்தேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்காக றஹீம் நானாவின் வாயை மூட விட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ ஏழு வயதில் வாய்பாடு சொல்லும்போது, ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் பேசாமல் நிற்பாய். நான் அகப்பையோடு நிற்பேன். "மரம் மாதிரி நிக்காத. ஏதாவது சொல்லு," என்பேன். தெரியாது என்று சொன்ன ஒரு நாள் உன் தொடையில் அடித்தேன். அதற்குப் பிறகு நீ தெரியாது என்று சொன்னதே இல்லை. ஐம்பத்திரண்டு என்பாய், அறுபது என்பாய், வாயில் வந்த ஓர் எண்ணைச் சொல்லுவாய். எண் வந்துவிட்டது என்று நானும் அடுத்த கணக்குக்குப் போவேன். அந்த ஐஸ் அறை வரியை எழுதுவதற்கு முன்பே அதை உனக்குள் நான் எழுதிவிட்டேன். இதைச் சொல்லி நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உனக்கு இப்போது இருபத்தொரு வயது, உன் வாயிலிருந்து வருவதற்கு நீதான் பொறுப்பு. ஆனால் இது எங்கே தொடங்கியது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ போன பத்தாம் நாள் செயலாளரிடம் போய் றஹீம் நானாவின் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பத்து நாளும் மற்ற ஏழு படகுகளும் கடலுக்குப் போய் வந்தன. ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்த படகுகளை எண்ணிக்கொண்டு வீட்டில் இருந்தேன் என்பதைத் தவிர அந்த நாட்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பதினோராம் நாள் அசறுத் தொழுகைக்குப் பிறகு எல்லோரையும் சங்கக் கட்டடத்துக் கிணற்றடிக்கு வரச் சொன்னேன். றஹீம் நானாவுக்கு ஒரு கதிரை போட்டோம். சென்சரில் ஒரு கல்லைக் கட்டிக் கயிற்றில் கிணற்றுக்குள் நிசார் இறக்கினான். பெட்டியில் நாலு என்று வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் ஒரு போத்தலில் கொண்டு போன கடல் தண்ணீரைப் பிளக்குக்குள் ஊற்றி ஆட்டினேன். நாலு. நாலு. பூச்சியம். மிச்ச நேரம் முதலிலிருந்து தொடங்கியது, விளக்கு பச்சையாக நின்றது. "கயித்தைப் பிடிச்சுப் பாருங்கோ," என்றான் நிசார். செயலாளர் பிடித்துப் பார்த்தார். கல் அடியில்தான் கிடந்தது.

"இன்னொருக்காச் செய்ங்கோ," என்றார் றஹீம் நானா. செய்தேன். மூன்றாம் தரமும் செய்யச் சொன்னார். செய்தேன்.

"அப்ப இந்தக் கல்லும் மேல வந்து வானத்தப் பாத்திட்டுப் போயிருக்கு," என்றார். முதலில் நிசார் சிரித்தான், பிறகு எல்லோரும். அன்றைய சிரிப்பை விட இந்தச் சிரிப்பு வேறாக இருந்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "இது ஆர்ட பிழை? மகன்ட எண்டா அவன் வந்தெல்லோ சொல்லோணும்," என்றார்.

"அந்த வரி என்ட. நான் எழுதினது. மகன் எடுத்துப் பாவிச்சவன். ரெண்டு பேரும் பாக்கல்ல," என்றேன்.

றஹீம் நானா ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்கட எண்டா ஏன் தங்கச்சி அண்டைக்குச் சொல்லல்ல?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. அவர் ஒரு தரம்தான் கேட்டார்.

நீ பெரிய கம்பனியில் இருக்கிறாய். அங்கே பெட்டியை நூற்றுக்கணக்கில் செய்யப் போகிறார்கள் என்றால், அந்த வரியும் நூற்றுக்கணக்கில் போகும். அங்கே போகிற பெட்டிகளிலும் அதைத் திருத்து. விடை வராதபோது சிவப்பு விளக்கை எரியவிடு, தெரியாது என்று திரையில் எழுது, ஆளைத் தூக்கு என்று எழுது. பொய்யான சிவப்புக்கு நாலு பேர் உன்னை ஏசட்டும், கேட்டுக்கொண்டிரு. கயிறு இல்லாமல் எந்தப் படகுக்கும் பெட்டி கொடுக்காதே. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வா. அதே கட்டடத்தில், அதே ஆட்கள் முன்னால், றஹீம் மாமா நீங்க மேல வரல்ல என்று சொல். நான் உனக்காக அதைச் சொல்லமாட்டேன். என் பங்கைச் சொல்லிவிட்டேன்.

கிணற்றடியில் நின்ற அன்றே ஏழு படகுகளிலிருந்தும் பெட்டிகளைக் கழற்றினார்கள். அவை இப்போது நம் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. செயலாளர் குறிப்பேட்டில் பழைய வசனத்தைக் கோடு போட்டு வெட்டிக் கீழே புதிதாக எழுதினார். நான் உனக்கு வீடியோ அனுப்பினேன். "சரி உம்மா, பாக்கிறன்," என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் நாம் இருவரும் பாவிக்கிற நிரல் கோப்பைத் திறந்தேன். நீ அந்த வரியை நீக்கியிருந்தாய். விடையையும் விடை கிடைத்ததா என்பதையும் பிரித்து, விரல் எங்கே நின்றது என்றும் பார்த்து, எல்லைகளும் போட்டு, ஒழுங்காகப் பதினான்கு வரி எழுதியிருந்தாய். என்ன மாற்றினாய் என்று சொல்லும் குறிப்பில் இரண்டு சொற்கள் இருந்தன: சிறு திருத்தம். இதற்குப் பிறகு ஆறு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன, நீ வரவில்லை. றஹீம் நானாவின் இடது கால் முழுதாகத் திரும்பவில்லை. அவர் இனித் தண்ணீருக்குள் இறங்குவதில்லை. நிசார் இறங்குகிறான், அவர் படகில் இருந்து கயிறு பிடிக்கிறார்.

உம்மா